தண்ணி கேட்காத வண்டி!

ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். இப்படித் தலைகீழாகப் பிறந்த பிள்ளையான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் ப்யூப்ளா தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. நேரே ஜெர்மனி மியூசியத்துக்குப் போய்விட்டது.

'அத்தோடு கதை முடிந்தது' என்று நினைப்பவர்கள், மெக்ஸிகோ சிட்டியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் குவாத்தெபெக் பக்கம் ஒருநடை போய்வர வேண்டும்.

இந்தியோஸ் வெர்தெஸ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் 'கேபிள்பஸ்' ரெடி. பஸ் என்று பெயர்தானே தவிர, கயிற்றில் தொங்கும் கூண்டு! 2021-ல் திறந்தார்கள். 9 கிலோமீட்டர் தூரம் வீடுகளின் தலைக்கு மேலேயே போகலாம். மொட்டைமாடியில் காயும் துணி, தண்ணீர் டாங்க், குரைக்கும் நாய்... எல்லாம் காலுக்குக் கீழே. சந்துகளை உற்றுப் பார்த்தால் வண்டு வண்டாக ஊர்கின்றனவே, அவைதான் 'வோச்சோ'க்கள். பீட்டிலுக்கு அந்த ஊர்ச் செல்லப் பெயர். இந்தப் பேட்டைக்கே 'வோச்சோலாந்தியா' என்று பட்டம்!

நகரத்துக்குள் பீட்டில் டாக்ஸிகளின் காலம் 2012-ல் முடிந்துவிட்டது. ஆனால் இந்த மலைச் சந்துகளில் அவை இன்னும் சவாரி அடிக்கின்றன. காரணம் பாசம் இல்லை சார், ஏற்றம்! ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி தெருக்கள். பீட்டிலில் இன்ஜின் பாரம் முழுக்கப் பின்சக்கரத்தின் மேல். வண்டியைத் தள்ளுவதும் அதே பின்சக்கரம். வழுக்காமல் ஏறிவிடும். இரண்டே கதவு என்பதால், டிரைவர் பக்கத்து ஸீட்டைக் கழற்றிவிட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றுவது அந்தக் காலத்து டாக்ஸி வழக்கம்.

ஒரு வீட்டு முற்றத்தில் நுழைந்தேன். பழைய சாக்கின் மேல் இன்ஜின் பிரிந்து கிடந்தது. சுற்றிலும் போல்ட், நட்டுகள். ஓரமாக ஒரு கோழி, சூப்பர்வைஸர் மாதிரி நடந்துகொண்டிருந்தது. அங்கே மெக்கானிக்கை 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட நம்ம 'மாஸ்டர்'தான். இந்த மாஸ்டர் சவாரியும் ஓட்டுகிறவர். வண்டி நின்றால் வீட்டில் வரும்படியும் நிற்கும்.

"வெளியே எடுக்கறது கஷ்டமா மாஸ்டர்?"

"நாலே போல்ட். பெட்ரோல் டியூப், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஒயருங்க... கழட்டிட்டு, ஜாக்கி வெச்சு இறக்கிட வேண்டியதுதான்."

பிரச்னை அதில் இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த 1600 இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 85.5 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 69 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1584 சி.சி. விட்டத்தை 87 ஆக்கினால் 1641. 90.5 ஆக்கினால் 1776. 'எட்டில் ஒரு பங்கு கூடுதல்ப்பா!' என்பது மகன் கட்சி.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மெக்ஸிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம். காற்று மெலிசு. இன்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சும்மாவே இழந்துவிடுகிறது. பெரிசு பண்ணினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் காத்து பத்தலைன்னு பெரிசாக்கச் சொல்றியோ, அதே காத்துதாண்டா இதைக் குளிர வைக்கணும்!"

பையன் கப்சிப்!

பீட்டிலுக்கு ஃபேன் ஊதும் காற்றுதான் முக்கால்வாசி உயிர். மீதி, இரண்டரை லிட்டர் ஆயில். பழைய மாடல்களில் ஆயில் கூலர், மூன்றாம் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். வெந்து சாவது எப்போதும் அந்த மூன்றாம் நம்பர்தான். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள்.

இன்னொரு சங்கடம்: 87 சிலிண்டர் பழைய ஓட்டையிலேயே உட்காரும். 90.5-க்கு மெக்னீஷியம் கேஸையும் ஹெட்டையும் லேத்தில் கடைய வேண்டும். கடைந்ததை மறுபடி ஒட்டமுடியுமா? பீட்டில் தயாரிப்பும் நின்றாயிற்று. நல்ல கேஸ் ஒன்று கெட்டால், இன்னொரு நல்ல கேஸைத் தேடி அலைய வேண்டும்.

தீர்ப்பு: 87!

அதன்பின் அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சி. க்ராங்க் பல்சக்கரத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காம் பல்சக்கரத்தின் அடையாளம் நிற்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரி, ஒரு பல் தப்பினாலும் குடித்தனம் நடக்காது. க்ராங்க் முன்பின் அசையும் இடைவெளி 0.07-லிருந்து 0.13 மி.மீ.க்குள். மூன்று வளையத் தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார்கள். ஃப்ளைவீல் நட்டை முறுக்கியதுதான் கூத்து. ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 35 கிலோவைத் தொங்கவிட்ட அளவு முறுக்கு வேண்டும். பையன் தொங்கியே காட்டினான்!

"தகரத்தை மறந்துடாதே" என்று அப்பா மூன்று தடவை சொன்னார். இன்ஜினைச் சுற்றி மூடும் தகரங்கள்தான் காற்றுக்கு வழிகாட்டி. ஒன்றை விட்டாலும் காற்று வேறு பக்கம் ஓடிவிடும்.

மறுநாள் காலை. ஸ்பார்க் ப்ளக் போடாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றினார்கள். ஆயில் விளக்கு அணைந்தது. அப்புறம்தான் ப்ளக். இரண்டாவது சாவியில் அந்தப் பழைய 'டக டக டக' சத்தம். கோழி ஓட்டம்!

முதல் சவாரி நாங்கள்தான். பக்கத்து வீட்டு அம்மாள் மார்க்கெட் பையோடு ஏறிக்கொண்டார். செகண்ட் கியரிலேயே ஏற்றத்தின் உச்சிக்குப் போய் நின்றது வண்டி. மாஸ்டர் இன்ஜினை அணைத்துவிட்டு, பேசாமல் பையனைப் பார்த்தார். அவன் பின்னால் போய் டிப் ஸ்டிக்கை உருவினான். கையால் பிடிக்க முடியாமல் சுட்டால் இன்ஜின் வேகிறது என்று அர்த்தம். இது பீட்டில்காரர்களின் பழைய வைத்தியம்.

பையன் ஆயில் நுனியை இரண்டு விரலால் பிடித்தான். விடவில்லை.

"தொண்ணூறரை போட்டிருந்தா?" என்றார் அப்பா.

"விட்டிருப்பேன்ப்பா!"