மதியம் 2 மணி ஆய்வகம்

2010 ஜூன் கடைசி வாரத்தில் என் அலுவலகத்துக்கு வந்த அந்த இளைஞனிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம்தான். வரும் கல்வியாண்டுக்கு அவனுடைய விளையாட்டு உதவித்தொகை புதுப்பிக்கப்படாது என்று மூன்று வரி. கீழே பல்கலைக்கழகக் கால்பந்து அலுவலகத்தின் கையெழுத்து. வயது இருபத்தொன்று, வலது முழங்காலில் இரண்டு அறுவைசிகிச்சை, இன்னும் ஒரு பட்டமும் கையில் இல்லை. அவனை அழைத்துவந்தது அவனுடைய அத்தை. ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஓவர்டைம் சம்பள பாக்கிக்காக அவருக்கு நான் வழக்காடியிருந்தேன். "உங்களுக்கு வேலை வழக்குதானே தெரியும், இதுவும் வேலைதான் சார்" என்றார். சட்டம் அதை வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

இங்கே அமெரிக்காவில் கால்பந்து என்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து மோதிக்கொள்ளும் ஆட்டம். சனிக்கிழமைகளில் கல்லூரி அணிகள் ஆடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். பள்ளிப்படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் யாரும் சேர முடியாது. அதனால் ஆட்டத்தில் முன்னேற நினைக்கும் பையனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு வழி கிடையாது. கல்லூரி ஆட்டத்தை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படியே, கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்.எஃப்.எல். அணிகளால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மற்ற அத்தனை பேருக்கும் இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இவனுக்கு அது ஓராண்டு முன்பே முடிந்துவிட்டது.

சட்டம் முழுக்க எதிர்த்தரப்பின் பக்கம் நின்றது. 1973-க்கு முன்பு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து உதவித்தொகை தர முடிந்தது. அந்த ஆண்டு என்.சி.ஏ.ஏ. அதை ஓராண்டு ஒப்பந்தமாகச் சுருக்கியது. ஆண்டு நடுவில் காயத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் அன்று போதுமாக இருந்தது. இவனைச் சேர்த்த கோச், வீட்டுக்கு வந்து சோபாவில் அமர்ந்து, "உங்கள் மகனின் பட்டத்துக்கு நான் பொறுப்பு" என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு, அணிக்கு அன்று அனுமதிக்கப்பட்டிருந்த 85 உதவித்தொகை இடங்களில் ஒன்று காலியாக வேண்டியிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும்போது அதற்கு மாறான வாய்வார்த்தையை நீதிமன்றம் சுலபத்தில் ஏற்காது.

முன்தீர்ப்புகளும் கை கொடுக்கவில்லை. 1967-ல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து உதவித்தொகையில் சேர்ந்த கிரெக் டெய்லர் என்ற மாணவர், முதல் செமஸ்டரில் 4-க்கு 1.0 வாங்கினார். பயிற்சியை விட்டு ஒதுங்கிப் படித்தார். மதிப்பெண் 1.9 ஆகி, பிறகு 2.4 ஆனது. படிப்பு தேறியும் அவர் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை என்பதால் பல்கலைக்கழகம் உதவித்தொகையை நிறுத்தியது. வடக்கு கரோலினா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-ல் பல்கலைக்கழகம் செய்தது சரிதான் என்றது. ஒப்பந்தச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று படித்தால் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. படிக்க வந்த பையன் படித்ததற்காகத் தண்டிக்கப்பட்டான் என்பதை என்னால் ஒருநாளும் ஜீரணிக்க முடிந்ததில்லை.

வெளிச்சம் தெரிந்த ஒரே இடம் ராஸ் எதிர் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் வழக்கு. கெவின் ராஸ் கூடைப்பந்து வீரர். நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடியும் சரளமாக எழுதப் படிக்கத் தெரியாமல் வெளியே வந்து, சிகாகோவில் சிறுபிள்ளைகளோடு பள்ளி வகுப்பில் அமர்ந்தவர். மோசமாகக் கற்பித்தார்கள் என்று பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட முடியாது என்றது 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் ஒரு சிறு கதவைத் திறந்துவைத்தது: குறிப்பிட்ட ஒரு கல்வி வசதியைத் தருவதாக வாக்களித்துவிட்டு, அதை மாணவன் பயன்படுத்த முடியாதபடி செய்திருந்தால், அது ஒப்பந்த மீறல் ஆகலாம். அந்தத் தீர்ப்பு எங்கள் தென் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டாகத்தான் நீட்ட முடியும். இருந்தாலும் எதைத் தேட வேண்டும் என்று அது எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

மாணவர் தன்னைப் பற்றிக் கல்லூரி வைத்திருக்கும் ஆவணங்களைப் பார்க்க 1974-ன் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உரிமை தருகிறது. கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டியாக வேண்டும். உதவித்தொகை முடிவின் மீது பல்கலைக்கழகத்திடம் மேல்முறையீட்டு விசாரணை கோரும் மனுவோடு அந்தக் கோரிக்கையையும் ஒரே உறையில் அனுப்பினேன். கோப்பு வந்தது. அதில் பெரும்பகுதி எடை, ஓட்ட வேகம், தூக்கிய பாரம். நடுவே விளையாட்டுத் துறையின் படிப்பு ஆலோசகர் முதல் செமஸ்டரில் எழுதிய ஒரு குறிப்பு: "சிவில் இன்ஜினீயரிங் கேட்கிறார். வேதியியல் ஆய்வகம் செவ்வாய், வியாழன் மதியம் 2 மணி. பயிற்சியோடு மோதுகிறது. பொதுப் படிப்பில் பதிவுசெய்யப்பட்டது."

அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு அவனுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். முதலாண்டு கோடைப் பருவத்தில் கால்குலஸ் எடுத்து 'பி' வாங்கியிருக்கிறான். கோடையில் மதியப் பயிற்சி இல்லை. அதற்குப் பிறகு ஒரு கணிதப் பாடம்கூட இல்லை. ஓய்வுநேர மேலாண்மை, பேச்சுக்கலை, உடல்நலம் என்று காலை வேளையில் கிடைத்ததெல்லாம் வரிசையாக இருந்தது. அவனை யாரும் முட்டாளாக நினைக்கவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடும் நடக்கவில்லை. மதியம் 2 மணி பயிற்சிக்கு என்று எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதில் ஒரு பொறியாளர் அடிபட்டுப் போனார்.

பாதியில் பாடத்தை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அங்கேதான் இன்னொரு விதி குறுக்கே நிற்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 என்று முடித்திருந்தால்தான் ஆடத் தகுதி. வீரர்கள் படிப்பை முடிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் 2003 வாக்கில் கொண்டுவந்தது. நடைமுறையில் அது பையன்களை முதலில் போட்ட பாடத்திலேயே பூட்டிவைக்கிறது. பாதியில் இன்ஜினீயரிங்குக்கு மாறினால் அதுவரை எடுத்ததில் பாதி கணக்கில் வராது, சதவீதம் விழும், ஆட முடியாது. அன்றைய நிலையில், ஆடாதவனுக்கு அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடையாது.

பல்கலைக்கழகமும் தன் தரப்பு ஆவணங்களைத் தந்தது. ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு அவனைத் தயார்செய்ததற்கான சான்றிதழ்கள் அவை. கனமான தாள், தங்க நிற முத்திரை. விருந்து மேசையில் நடந்துகொள்வது எப்படி, பயோடேட்டா எழுதுவது எப்படி, கிரெடிட் கார்டைப் பயன்படுத்துவது எப்படி என்று மாலை நேர வகுப்புகள். அவற்றை நடத்தியவர்கள் அக்கறையோடு நடத்தியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோடைதோறும் 'விருப்பப் பயிற்சி' என்ற பெயரில் வளாகத்திலேயே இருந்தவன், ஒரு நிறுவனத்தில்கூட இன்டர்ன்ஷிப் செய்ததில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்த பயோடேட்டாவில் எழுத எதுவும் இல்லை.

கடிதத்தில் ஒரு நடைமுறைக் குறையும் அகப்பட்டது. உதவித்தொகை குறைப்பையும், விசாரணை கேட்கும் உரிமையையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டியது கல்லூரியின் நிதியுதவி அலுவலகம்; விளையாட்டுத் துறை அல்ல. என்.சி.ஏ.ஏ. விதி அப்படிச் சொல்கிறது, பல்கலைக்கழகத்தின் கையேடும் அதையே சொன்னது. எங்களுக்கு வந்த கடிதம் கால்பந்து அலுவலகத்திலிருந்து. விசாரணை உரிமை பற்றி ஒரு சொல் இல்லை. இதை மட்டும் வைத்து வழக்கை வெல்ல முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவர அது போதும்.

அவர்கள் நீட்டிய வழி மருத்துவ விலக்கு. அன்றைய விதிப்படி, காயத்தால் இனி ஆடவே முடியாது என்று சான்றளித்துவிட்டால் அந்த மாணவன் 85 பேர் கணக்கில் சேரமாட்டான். பல்கலைக்கழகம் அவனுக்கு உதவித்தொகையைத் தொடரலாம், புதிய கோச்சுக்கும் ஓர் இடம் கிடைக்கும். எனக்கு அது நல்ல தீர்வாகப் பட்டது. படிவத்தை அவன் முன் வைத்தேன்.

அவன் கையெழுத்துப் போடவில்லை.

ஏழு வயதில் ஆடத் தொடங்கியவன். இரண்டாவது அறுவைசிகிச்சைக்குப் பிறகும் தினமும் காலையில் தனியாகப் படிக்கட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். தாய் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார், வற்புறுத்தவில்லை. நெடுநேரம் கழித்து அவன் கேட்டது இதுதான்: "இதில் கையெழுத்துப் போட்டால் லாக்கரைக் காலி செய்யணுமா சார்?" அவனுடைய பெயரும் எண்ணும் எழுதிய பித்தளைத் தகடு அதில் இருந்ததாம். வக்கீல் தொழிலில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு உடனே பதில் வரவில்லை. பட்டம் வாங்கும்வரை லாக்கரும், முழங்கால் சிகிச்சைக்கு அணியின் மருத்துவ அறையும் அவனுக்கு உண்டு என்று எழுதி வாங்குவதாகச் சொன்னேன். வாங்கினேன். மறுநாள் அவன் கையெழுத்திட்டான். ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிப் பேசுகிறவர்கள் பணம், வேலை, பட்டம் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்பு ஒரு துக்கம் இருக்கிறது, அதற்கும் யாராவது அவகாசம் தர வேண்டும்.

படிவம் தயாரானாலும், எத்தனை ஆண்டுக்கு உதவித்தொகை என்பதில் அவர்கள் ஓர் ஆண்டுக்கு மேல் இறங்கிவரவில்லை. அதனால் விசாரணை நடந்தது. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், நிதியுதவி அலுவலர், மாணவர் நலன் அதிகாரி என மூவர் குழு. அந்தப் பல்கலைக்கழக விதிப்படி வக்கீல் பக்கத்தில் அமரலாம், பேசக் கூடாது. பையன்தான் பேச வேண்டும். முந்தைய வாரம் முழுவதும் அவனைப் பழக்கினேன். எதைக் கேட்டாலும் மைக் முன்னால் நிற்கிற வீரனைப் போலப் பதில் சொன்னான்: அணிக்கு நன்றி, கோச்சுகளுக்கு நன்றி, அடுத்த வாய்ப்புக்காக உழைப்பேன். மூன்று ஆண்டு பயிற்சி அது. அதைக் களைய வைப்பதுதான் எனக்கு அந்த வழக்கிலேயே கடினமான வேலையாக இருந்தது.

விசாரணையில் பேராசிரியர் அந்த ஆலோசகரின் குறிப்பைப் படித்துவிட்டு, "அந்த ஆய்வகத்துக்குப் போயிருந்தால் என்ன படித்திருப்பாய்?" என்றார். அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். நெடுஞ்சாலைப் பாலங்களைப் பழுதுபார்க்கும் குழுவில் கூலியாக இருந்தவர். வெயிலில் பாலம் விரிவதற்காக விடும் இடைவெளியில் மண்ணும் கல்லும் அடைத்துக்கொண்டால் கான்கிரீட் ஓரம் நொறுங்கும். அப்பாவின் குழு அதைக் கொத்தியெடுத்துப் புது ரப்பர் வைக்கும். ஓரிரு ஆண்டில் மறுபடி அதே இடத்தில் நொறுங்கும். "தண்ணீர் வடிய வழி வைக்காமல் கட்டியிருக்காங்க. அப்பாவுக்கு அது தெரியும். அவர் சொன்னா யார் கேட்பாங்க? கேட்கிற இடத்துக்கு நான் போகணும்னு நினைச்சேன்." கைகளை மேசைமேல் வைத்து இரண்டு பலகைகள் விரிந்து நெருங்குவதைக் காட்டினான். நிதியுதவி அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு முழுக் கல்வியாண்டும் இடையே ஒரு கோடைப் பருவமும் கிடைத்தன. சிவில் இன்ஜினீயரிங் முடிக்க அது போதாது. கட்டுமான மேலாண்மை முடிக்கலாம். அந்தக் கோடைக் கால்குலஸ் கணக்கில் வந்தது. 2012-ல் பட்டம் வாங்கினான். இப்போது ஒரு கவுண்டி நிர்வாகத்தில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறான். பொறியாளர் கையெழுத்துப் போடும் உரிமை அவனுக்கு இல்லை. அந்த இழப்புக்கு யாரும் ஈடு தரவில்லை, தரச் சொல்ல எனக்குச் சட்டத்தில் இடமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2012 முதல் பல ஆண்டு உதவித்தொகை தரலாம் என்றானது. 2015-ல் பெரிய ஐந்து கூட்டமைப்புகளின் கல்லூரிகள், ஆட்டத் திறனைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்துவதில்லை என்று விதி செய்தன. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் கேட்டபோது, சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் அவர்கள் ஆட்டத்துக்குச் செலவிடுவதாகத் தொழிலாளர் வாரியத்தின் வட்டார இயக்குநர் கண்டறிந்தார். 20 மணி நேர வரம்பு ஏட்டில் இருந்தது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன கெய்ன் கோல்ட்டர், மருத்துவம் படிக்க நினைத்து, பயிற்சியோடு மோதிய வேதியியல் வகுப்பை எடுக்க முடியாமல் வேறு பாடத்துக்குப் போனவர். அந்தச் சாட்சியத்தைப் படித்தபோது என் கட்சிக்காரனின் கோப்புதான் கண்முன் வந்தது. வாரியம் 2015-ல் தலையிட மறுத்துவிட்டது. 2021-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிப்பு சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு விதிக்கக் கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன.

பணம் கிடைப்பது நியாயம். அதற்காக வாதாடியவர்களின் பக்கம்தான் நானும். ஆனால் இன்றைய பையன் நல்ல விலைக்காக நான்கு ஆண்டில் மூன்று கல்லூரி மாறுகிறான். ஒவ்வொரு மாற்றத்திலும் சில பாடங்கள் கணக்கில் வராமல் போகின்றன. மதியம் 2 மணி இன்னமும் பல இடங்களில் பயிற்சிக்குத்தான் இருக்கிறது.

இந்த வழக்கு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அத்தையின் மகனைத் தேடி கோச்சுகள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு போன் செய்தார். பயிற்சி எத்தனை மணிக்கு, ஆய்வகம் உள்ள பாடம் படிக்கும் வீரர்கள் இப்போது அணியில் எத்தனை பேர், ஆட்டம் நின்றாலும் பட்டம் முடியும்வரை உதவித்தொகை உண்டா. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்றேன். முதலில் வந்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். இரண்டாவது வந்தவருடைய கல்லூரி சிறியது, தொலைக்காட்சியில் அதிகம் வராதது. அங்கே அதிகாலையிலேயே பயிற்சி முடிந்துவிடும் என்று அவர் சொன்னதும், கேள்விகளை எழுதியிருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் அத்தை. அவரும் போட்டிருக்கிறார். பையன் அங்கேதான் சேர்ந்தான்.