யாருக்குக் காவல்?

எங்கள் ஊர்க் கோயிலின் வாயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான் காவலுக்கு நின்றேன். 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. அன்று நான் செய்யத் தவறிய ஒரு காரியம் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது. அதனை மறைத்து வைப்பதால் எவருக்கும் நன்மையில்லை என்பதால் இங்கு எழுதுகின்றேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களிலும், தலைநகரின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. நாடெங்கும் கோயில்கள் மூடப்பட்டன. சில வாரங்களின் பின் அவை மீண்டும் திறக்கப்பட்டபோது, பூசைக்கு முன் மணியோசையைக் கேட்டுப் பழகிய எம்மக்கள் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களைக் கண்டனர்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கிலும் பாதுகாப்புக் குழுவொன்று அமைக்கப்பட்டது. மதில் இரண்டடி உயர்த்தப்பட்டது. நான்கு கமெராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று உண்டியலையே பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்கல்வி வகுப்பு நடக்கும் மண்டபத்தின் பின்கதவு பூட்டப்பட்டது. வாயிலில் மேசையொன்று போடப்பட்டது. இளைஞர்கள் பைகளைச் சோதிக்க வேண்டும். படித்தவர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். ஆசிரியன் என்பதால் அப்பொறுப்பு என்னிடம் வந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றச் சைவர்களும் முஸ்லிம்களும் வருவது எங்கள் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். அன்றும் ஒரு முஸ்லிம் தாய் வந்தார். அவருடைய மகன் என் வகுப்பு மாணவன். அந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

மேசையருகே நின்ற இளைஞன் அவர் கையிலிருந்த பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். இரண்டு மெழுகுதிரி, ஒரு குடை, மருந்துக் குளிசைகள், கொஞ்சம் சில்லறை, மகனின் மாதிரி வினாத்தாள் ஒன்று. சில்லறை நிலத்தில் சிதறியது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதே வேளையில் காரில் வந்த இருவர் கண்ணாடியையும் இறக்காமல் உள்ளே சென்றனர். அவர்களை எவரும் மறிக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. "இவவை எனக்குத் தெரியும், தம்பி" என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த வார்த்தை என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் மெழுகுதிரி ஏற்றாமலே திரும்பிப் போனார்.

அன்றிரவு என் தாயாரிடம் இதனைச் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. பழைய கதையொன்றை நினைவூட்டினார்.

1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள், இரண்டு மணி நேர அவகாசத்தில், பிறந்த மண்ணைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன், சோனகத் தெருவிலிருந்த சிநேகிதி ஒருவர் தமது தையல் இயந்திரத்தை என் தாயாருக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். அதனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. அக்காலத்துப் பங்குச் சுவாமியாரிடம் தாயார் சென்று கேட்டார். அவர் மறுபேச்சின்றிக் கோயில் களஞ்சிய அறையில், உடைந்த வாங்குகளுக்கும் தேர்ச் சோடனைகளுக்கும் நடுவே, அதை வைத்து மூடினார். துருப்பிடித்த பூட்டு ஒன்றே அதற்குக் காவல். 1995 இல் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோதும் அது அங்கேயே கிடந்தது. 2002 இல், போர்நிறுத்தத்தின் பின் பாதை திறந்ததும், புத்தளத்திலிருந்து வந்த உரியவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் பொருளைக் காத்த கோயில் அது. கமெரா இல்லாத காலத்தில் காத்தது. இன்று நான்கு கமெராக்களின் முன்னிலையில் ஒரு தாயின் மானத்தை எம்மால் காக்க முடியவில்லை.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணக்கூடாது. குருநகர் யாகப்பர் கோயில்மீது 1993 நவம்பர் 13 இல் குண்டு விழுந்ததையும், நவாலி இராயப்பர் கோயிலில் தஞ்சமடைந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் 1995 ஜூலை 9 இல் விமானக் குண்டுக்குப் பலியானதையும் மறந்தவர்களல்லர் நாம். அந்த நாட்களில் சாவு வானிலிருந்து, அதுவும் அரசின் விமானத்திலிருந்தே வந்தது. எந்த மதிலால் அதைத் தடுத்திருக்க முடியும்?

2019 இலும் நடந்தது என்ன? தாக்குதல் நடக்கவிருக்கும் செய்தி ஏப்ரல் 4 ஆந் திகதியே இந்தியாவிலிருந்து கொழும்புக்குக் கிடைத்திருந்தது. அது கோப்புகளில் உறங்கியது. முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 இல் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி பத்துக் கோடி ரூபா செலுத்தவேண்டுமெனவும் கட்டளையிட்டது. மேலிருந்தோர் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கீழேயுள்ள நாம் ஓர் ஏழைத் தாயின் பையைக் கவிழ்த்துப் பார்த்தோம்.

சீயோன் தேவாலய முற்றத்தில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். அறிமுகமற்ற ஒருவன் பையுடன் வந்தபோது, சபையைச் சேர்ந்த ஒருவர் அவனுடன் பேச்சுக் கொடுத்து, உள்ளே போகவிடாது மறித்தார். அந்த மனிதர் உயிரிழந்தார். ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரும் மாண்டனர். ஆயினும் மண்டபத்தினுள் இருந்த பெருங்கூட்டம் தப்பியது. முகத்தைப் பார்த்து, யார் எவரென்று விசாரித்த ஒரு மனிதனின் விழிப்பே அவர்களைக் காத்தது. தன் மக்களையும் அயலவரையும் அறிந்த சபைக்கே அந்நியனை இனங்காண முடியும். அயலவரை விரட்டிவிட்டால் வருகின்ற எல்லோருமே எமக்கு அந்நியராவர்.

பரீட்சை முடிந்தபின் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். நான் தட்டுத்தடுமாறி வருத்தம் தெரிவித்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தப் பெடியனிலை எனக்குக் கோவமில்லை, சேர். அவனுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் தானே" என்றார். இதற்கு என்னிடம் விடையிருக்கவில்லை.

அடுத்துக் கூடிய அருட்பணிச் சபையில் ஐந்து யோசனைகளை முன்வைத்தேன். சோதனை வேண்டுமாயின் காரில் வருபவருக்கும் கால்நடையாய் வருபவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பெண்களின் பையைப் பெண்களே மறைவாகப் பார்க்கட்டும். மறைக்கல்வி மண்டபத்தின் பின்கதவு திறக்கப்படட்டும்; தீ மூண்டாலும் வெடி வெடித்தாலும் அத்தனை பிள்ளைகளும் ஒரே வாசலால் எப்படி ஓடுவார்கள்? வாயிலில் நிற்பவர் முதலில் வணக்கம் சொல்லிப் பெயர் கேட்கட்டும். இறுதியாக, அவமதிக்கப்பட்ட அந்தத் தாய்க்குச் சபை ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பட்டும்.

பின்கதவு அந்த வாரமே திறக்கப்பட்டது. கார்களைச் சோதிப்பது பெரும் வாதத்தின் பின் ஏற்கப்பட்டது. வணக்கம் சொல்வதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. கடிதத்தை மட்டும் ஏற்கவில்லை. "கோயில் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறதோ, மாஸ்ரர்?" என்றார் முதியவர் ஒருவர். சபையில் பலர் தலையசைத்தனர்.

உண்டியல் பத்திரமாக இருக்கிறது. சுரூபங்கள் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தாய் இன்றுவரை எங்கள் கோயிலுக்கு வரவில்லை. இவ்வளவுக்குப் பின்னும் எங்கள் பங்கில் எதுவும் களவு போகவில்லை என்று பாதுகாப்புக் குழு கூறிக்கொள்கின்றது. எது களவு போயிற்று என்பது எனக்குத் தெரியும். அது போனபோது வாயிலில் நின்ற காவற்காரன் நான்தான். சபை எழுத மறுத்த கடிதத்தை என் பெயரில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்திலும் அந்த யோசனையை மீண்டும் வைப்பேன்.