அரங்கேற்ற நாளும் எமது குறிப்பேடும்

பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் விழா மலருக்கென ஒரு கட்டுரை வேண்டி எம்மிடம் வந்தபோது, தமிழாசிரியர் என்ற காரணத்தால் பழைய நூலொன்றைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவர்கள் எம்மைப் பொறுத்தருள்க. இக்கல்லூரியில் எமக்கு வாய்த்த பணிகளுள் எம் மனத்தை இன்றும் உறுத்திக்கொண்டிருப்பது இலக்கண வகுப்பன்று. துடுப்பாட்டக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராய் இருந்த மூன்று ஆண்டுகளே.

அப்பொறுப்பு எமக்கு வந்த விதம் மிக எளிது. 2012ஆம் ஆண்டின் முடிவில் முன்னிருந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அதிபர் அவர்கள் எம்மை அழைத்து, "மாஸ்ரர், பின்னேரத்தில் எந்த நாளும் மைதானத்தில் நிற்கிறது நீங்கள்தானே, நீங்களே பாருங்கோ" என்றார். யாம் மைதானத்தில் நின்றது மெய். நின்றதற்குக் காரணம் ஆட்டத்தில் இருந்த ஆசையேயன்றி அறிவன்று. இவ்வேறுபாட்டை அதிபரும் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை.

ஆசை தொடங்கியது 1992இல். யாழ்ப்பாணத்தில் 1990 முதல் மின்சாரமில்லை. மின்கலங்களும் கிடைப்பதில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் தைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியைப் பேச வைப்போம். மிதிகட்டையைச் சுற்றுவது பன்னிரண்டு வயதினராகிய எமது முறை. கை சலித்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும். உடனே மாமா அதட்டுவார். அவ்வாண்டு ஆவணி மாத இறுதியில், கண்டியைச் சேர்ந்த இருபது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கொழும்புக் கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியருக்கு எதிராக இலங்கைக் குழுவில் முதன்முதலாக ஆடுகிறார் என்ற செய்தியை அவ்வாறே கேட்டோம். முத்தையா முரளிதரன் என்னும் பெயரைக் கேட்டதும் எம் கை தானாகவே வேகமாய்ச் சுற்றிற்று.

அந்த ஆட்டத்தில் அவர் கொடுத்தவை 141 ஓட்டங்கள். பெற்றவை 3 விக்கெற்றுகள். முதலாவது விக்கெற், துடுப்பாட்டத்துக்குப் பேர் போகாத கிரேய்க் மக்டேமற் என்னும் பந்துவீச்சாளருடையது. இளமையில் தாமும் பந்து வீசியவரான எம் மாமா சிறிது நேரம் யோசித்து, "இவர் நிலைக்கமாட்டார்" என்று தீர்ப்பளித்தார். பள்ளிப் பருவத்தில் மிதவேகப் பந்து வீசிவந்த முரளிதரனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் பயிற்றுநர் என்பதையெல்லாம் அப்பொழுது எம் ஊரில் யாரும் அறியார். 2010ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் காலியில் தமது கடைசி ஆட்டத்தில் எண்ணூறாவது விக்கெற்றை அவர் வீழ்த்தியபோது மாமா இல்லை. இருந்திருந்தால், "முதல் ஆட்டத்தில் அவர் சரியாக எறியவில்லை என்றுதானே சொன்னேன்" என்றிருப்பார். பெரியோர் தம் தீர்ப்பைத் திருத்துவதில்லை, பொருளை மாற்றிக்கொள்வர்.

இதற்கு எதிர்மாறான செய்தியையும் யாம் அறிந்திருந்தோம். 2008இல் அஜந்த மெண்டிஸ் என்னும் படைவீரர், விரலால் சுண்டி எறியும் பந்தொன்றைக் கொண்டுவந்து இந்தியரைத் திகைக்க வைத்தார். கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெற். அதே மாதம் கொழும்பில் முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தில் 132 ஓட்டங்களுக்கு 8. அத்தொடரின் மூன்று ஆட்டங்களிலும் 26. அடுத்த முரளி வந்துவிட்டார் என்று எழுதாத ஏடில்லை. அவர் ஆடி முடித்த ரெஸ்ற் ஆட்டங்கள் 19, விக்கெற்றுகள் 70. திறமை குன்றிற்று என்று சொல்வது முற்றும் சரியாகாது. அவர் கையை மற்றவர்கள் படித்துவிட்டார்கள். 1972இல் இலண்டன் லோட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே 16 விக்கெற்றுகளைச் சாய்த்த பொப் மஸ்ஸி ஆறு ரெஸ்ற் ஆட்டங்களுடன் முடிந்தார். 1988இல் சென்னையில் அதே பதினாறை எடுத்த ஹிர்வானிக்குக் கிடைத்தவை பதினேழு ஆட்டங்கள். 1992 தை மாதத்தில் சிட்னியில் 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரேயொரு விக்கெற்றுடன் தொடங்கிய சேன் வோர்ணோ 708 வரை சென்றார்.

இவையெல்லாம் எமக்கு மனப்பாடம். ஆயினும் 2013 மாசி மாதத்தில் எம் முன்னே இரண்டு பையன்கள் முதன்முதலாகப் பந்தெறிந்தபோது, யாம் மாமாவின் மருமகனாகவே நடந்துகொண்டோம்.

இருவரும் ஒரே நாளில், ஒரே ஆட்டத்தில் அரங்கேறினர். ஒருவன் ஊர்ப் பையன், நல்ல கட்டுடல், வேகத்தை ஒளித்துத் திடீரென மெல்ல எறியும் தந்திரம் உடையவன். மற்றவன் நெடியவன், மெலிந்தவன். வன்னியிலிருந்து மீண்ட குடும்பம். 2009இல் முகாமிலிருந்த காலத்தில் ரென்னிஸ் பந்தால் எறிந்து பழகியவன். தோற்பந்தைக் கையில் எடுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தென்மராட்சியிலிருந்து நாள்தோறும் வண்டி மிதித்து வருவான். பயிற்சியின்போது அவனுடைய வேகத்தைக் கண்டு, புதுப்பந்தை அவனிடமே கொடுப்பதெனத் தீர்மானித்தோம். புதுப்பந்து என்றால் வேகம், வேகமென்றால் புதுப்பந்து என்பதற்கு மேல் எமது ஞானம் செல்லவில்லை.

பாய் விரித்த ஆடுகளம். மினுக்கம் மாறாத கடின பந்து. அவன் ஆறு ஓவர் எறிந்தான். 38 ஓட்டங்கள், ஏழு வைட், இரண்டு நோ போல், விக்கெற் இல்லை. மூன்றாவது ஓவரில் சிலிப்பில் நின்றவன் கைக்கு நேராக வந்த பிடியொன்றை விட்டான். அது குறிப்பேட்டில் ஏறுவதில்லை. ஊர்ப் பையன் பின்னர் வந்து 19 ஓட்டங்களுக்கு 5 விக்கெற் எடுத்தான். ஆட்டமும் வென்றோம்.

மாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் ஐயா பாயைச் சுருட்டியபடி எம்மிடம், "மாஸ்ரர், அந்த நெட்டைப் பெடியனுக்குப் பழைய பந்தைக் குடுத்துப் பாருங்கோ. புதுப்பந்து அவன்ரை விரலுக்கை நிக்குதில்லை" என்றார். முப்பது ஆண்டுகளாகப் பந்துகள் பாயில் விழுவதைப் பார்த்தவர் அவர். யாம் சிரித்துவிட்டு வந்தோம். அன்றிரவு குறிப்பேட்டில் முதலாமவன் பெயருக்கு எதிரே, "இவ்வாண்டின் கண்டுபிடிப்பு" என்றும், இரண்டாமவன் பெயருக்கு எதிரே, "வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லை, பயனில்லை" என்றும் எழுதினோம். திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் 19க்கு 5 என்பதை உரத்த குரலில் வாசிக்கவும் செய்தோம்.

வகுப்பில் யாம் கற்பிக்கும் திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமும் உள்ளன. ஒருவனை ஆராய்ந்து தேர்வது ஒரு வேலை. தேர்ந்தவனை அவனுக்கு உரிய வினையில் நிறுத்துவது மற்றொரு வேலை. இரண்டனையும் வேறு வேறாக வகுத்து வைத்ததன் அருமையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவர் யாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்ற பின்னரே சோழ மன்னன் முன் ஆடுகிறாள்; அதன் பின்னரே ஆயிரத்தெண் கழஞ்சு. எம்முடைய பையனுக்கு யாம் அளித்தவை ஆறு ஓவர்கள். அதுவும் அவனுக்கு ஒவ்வாத பந்துடன்.

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் நெடியவன் வெளியே அமர்ந்தான். அதன் பின் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டில் வேலை இருக்கும் என்று எண்ணினோம், விசாரிக்கவில்லை. ஊர்ப் பையனோ நான்காவது ஆட்டத்துக்குள் எதிர்க்குழுவினர் அனைவருக்கும் அறிமுகமாகிவிட்டான். மெல்ல வரும் பந்துக்கு அவர்கள் காத்திருந்து அடித்தனர். முதல் நாளின் நினைவால் யாம் அவனையே மேலும் மேலும் எறிய வைத்தோம். பருவ முடிவில் அவன் எடுத்தவை மொத்தம் 11 விக்கெற்றுகள். அவற்றுள் ஐந்து முதல் நாளுடையவை. கடைசி ஆட்டத்தன்று உடுப்பு மாற்றும் அறையில் அவன் ஒரு மூலையில் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு இருந்ததைக் கண்டோம். பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தது அவனுக்குப் பரிசன்று, சுமை என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பும் வழியில், தென்மராட்சிக் கிராமமொன்றில் விளையாட்டுக் கழகங்களின் ஆட்டம் நடப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். இருபது ஓவர் கடந்திருந்தது. பந்து தேய்ந்து நிறம் மாறியிருந்தது. அவ்வேளை அணித்தலைவன் ஒரு நெடிய இளைஞனை அழைத்தான். பழைய ஓட்டத்தில் பாதித் தூரமே ஓடினான். பந்து பாயில் விழுந்ததும் வெட்டித் திரும்பிற்று. ரென்னிஸ் பந்தில் பழகிய அந்த மணிக்கட்டு, தேய்ந்த தோலை இறுகப் பற்றிக்கொண்டது. எம் கண்ணெதிரே மூன்று பேர் ஆட்டமிழந்தனர். ஐயா சொன்னதை அணித்தலைவனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது, அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

ஆட்டம் முடிந்ததும் அவனே எம்மை நோக்கி வந்தான். "சேர், சுகமா இருக்கிறியளே?" என்றான். யாம் என்ன சொல்வதென்று தெரியாமல், ஏன் அன்று பயிற்சியை விட்டாய் என்று கேட்டோம். சிறிது தயங்கி, "உங்கடை கொப்பியைப் பாத்தனான் சேர். ஸ்கோர் மேசையிலை திறந்து கிடந்தது" என்றான். பின்னர் எம் முகத்தைக் கண்டு இரங்கினான் போலும். "நீங்கள் எழுதினதும் அண்டைக்குச் சரிதான் சேர்" என்றும் சேர்த்தான். யாம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவனிடம் கேட்பது வழக்கமில்லை. அவன் கூச்சத்துடன் தலையைத் தாழ்த்திக்கொண்டு எமக்கு ஒரு சோடா வாங்கிவந்தான்.

பொறுப்பாசிரியர் பணி எம்மை விட்டு நீங்கி ஆண்டுகள் பல ஆயின. சென்ற ஆண்டு இளையோர் குழுவைச் சில மாதங்கள் பார்த்துக்கொள்ளும்படி மீண்டும் கேட்டார்கள். அச்செய்தி தென்மராட்சி வரை சென்றிருக்கிறது. ஒரு பின்னேரம் அவன் தன் அக்காவின் மகனை வண்டியின் முன்தண்டில் இருத்தி அழைத்து வந்தான். பையனுக்கு வயது பதின்மூன்று. மாமனைப் போலவே மெலிந்தவன். "சேர், இவனுக்குப் பந்து போட விருப்பம். என்ன பந்து எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. மூண்டு மாட்ச் முடியும் மட்டும் கொப்பியிலை ஒண்டும் எழுதாதேங்கோ" என்றான்.

முதலாவது ஆட்டம் முடிந்திருக்கிறது. நான்கு ஓவர் எறிந்தான். இரண்டு புதுப்பந்துடன், இரண்டு பழைய பந்துடன். இன்னும் இரண்டு ஆட்டங்கள் உள்ளன. குறிப்பேட்டில் அவன் பெயரை எழுதி, எதிரே உள்ள இடத்தை விட்டிருக்கிறோம்.