மூன்று மணி நேர ஆயுள்

மாலை ஐந்தரை மணிக்கு தாதர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் யாரும் நிற்க முடியாது. கூட்டமே தள்ளிக்கொண்டு போய் ஏதாவது ஒரு படிக்கட்டில் இறக்கிவிடும். அப்படி இறக்கிவிடப்பட்ட இடத்தில்தான் அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் செல்பேசியில் தமிழில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, பூனா வண்டி எங்க வரும்?"

அறுபது வயதிருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். தாராவியில் மகனோடு இருக்கிறார். புனேயில் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டதால் தனியாகக் கிளம்பியிருந்தார். நடைமேடை அவரைக் குழப்பியதில் வியப்பில்லை. மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சந்திக்கும் இந்த நிலையத்தில் 2023 டிசம்பர் வரை இரு பக்கமும் தனித்தனியாக ஒன்றிலிருந்து எண்கள் தொடங்கின. இப்போது 1 முதல் 14 வரை ஒரே வரிசை. பழைய எண்களில் பழகிய கால்கள் இன்னும் தடுமாறுகின்றன.

டிக்கெட்டைக் கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு, தாதரிலிருந்து புனே. வழங்கிய நேரம் 13:40. என் கடிகாரத்தில் 17:35.

"எப்பம்மா வாங்கினீங்க?"

"மத்தியானமே வாங்கிட்டேன். சாயங்காலம் கியூ பெருசா இருக்கும்னு பையன் சொன்னான்."

"இதுல இப்ப ஏற முடியாதும்மா. நேரம் முடிஞ்சு போச்சு."

அவர் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கிழியவில்லை, நனையவில்லை. "காசு குடுத்து வாங்குன டிக்கெட்டு எப்பிடி தம்பி செத்துப் போவும்?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பு என் தொழில். டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைத் தமிழில் சொன்னேன்: பயணத்தை மூன்று மணி நேரத்துக்குள், அல்லது முதல் ரயில் புறப்படுவதற்குள் தொடங்க வேண்டும். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாகவும் இல்லை.

பதில் இதுதான். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு 2016 மார்ச் முதல் தேதியிலிருந்து இந்தக் கெடு இருக்கிறது. டிக்கெட் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த ஊருக்கான முதல் ரயில் அதற்கும் பிறகுதான் வருகிறது என்றால், அந்த ரயில் வரை டிக்கெட் செல்லும். தாதரிலிருந்து புனே சுமார் 183 கிலோமீட்டர். இன்னும் பதினேழு கிலோமீட்டர் கூடுதலாக இருந்திருந்தால் அந்த அம்மாள் வேறு விதிக்குள் வந்திருப்பார். 200 கிலோமீட்டருக்கும் அதற்கு மேலும் போகிறவர்கள் பயண நாளுக்கு மூன்று நாள் முன்பே முன்பதிவில்லாத டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நாளுக்கு ஒரே ஒரு ரயில் நிற்கும் சிற்றூர் நிலையத்தில் காலையில் வாங்கிய டிக்கெட், அந்த ஒரு ரயில் மாலையில் வரும் வரை உயிரோடு இருக்கும். ரயில்கள் அடுத்தடுத்து ஓடும் தாதரிலோ மூன்று மணி நேரம்தான். வசதி அதிகமுள்ள ஊரில் டிக்கெட்டின் ஆயுள் குறைவு.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு மூன்று முறை போய்வருவதும், பயன்படுத்திய டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்பதும் நடந்தன. இருக்கை எண்ணோ பெயரோ இல்லாத துண்டுக் காகிதத்தில் அதைத் தடுக்க நேரம் ஒன்றுதான் கருவி. ஏமாற்றுகிறவரைப் பிடிக்கப் போட்ட வலை அது. முன்யோசனையோடு மதியமே வரிசையில் நின்ற ஒரு தாயும் அதில் விழுந்துவிட்டார்.

டிக்கெட்டில் நாம் தூரத்தைத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். கூடவே நேரத்தையும் வாங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள தாதரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. டிக்கெட்டின் எல்லா ஜாதிகளும் ஒரே மேம்பாலத்தில் தோள் உரசிக்கொண்டு போகும் இடம் இது. பத்து ரூபாய் பிளாட்ஃபார டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். வழியனுப்ப வந்தவர் ரயில் தாமதமானாலும் அதற்குள் வெளியேற வேண்டும். புறநகர் மின்ரயில் டிக்கெட் வாங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். சீசன் டிக்கெட்காரருக்கு மணிக்கணக்கு கிடையாது. மாதம், காலாண்டு, அரையாண்டு, ஓராண்டு என்று வாங்கியவர், நாளுக்கு எத்தனை முறை போய்வந்தாலும் கேள்வி இல்லை.

அதே மேம்பாலத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவரின் உலகம் வேறு. தாதர்-திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர் அறுபது நாள் முன்பே இடம் பிடித்துவிடலாம். 2024 நவம்பர் முதல் தேதிக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. தவறவிட்டவருக்கு 1997 முதல் தத்கால் இருக்கிறது. ரயில் புறப்படுவதற்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கும், பதினோரு மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் கதவு திறக்கும். மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பு அந்த நேரத்தில் கையில் செல்பேசியோடு கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும்.

நெடுந்தூர டிக்கெட்டில் பலர் அறியாத ஒரு தாராளமும் ஒளிந்திருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் வைத்திருப்பவர் வழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடரலாம். 1000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு முறை. முதல் நிறுத்தம் 500 கிலோமீட்டர் கடந்த பிறகே இருக்க வேண்டும். இறங்கும் நாளையும் மறுபடி ஏறும் நாளையும் விட்டுவிட்டு இரண்டு நாள் தங்கலாம். இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டில் குறிப்பெழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பதிவு என்றால் அடுத்த பகுதிக்கான இடத்தையும் முதலிலேயே சொல்லிப் பதிவு செய்துகொள்வது நல்லது. ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களுக்கு இந்தச் சலுகை இல்லை. திருநெல்வேலிக்குப் போகிறவர் மீரஜில் இறங்கித் தங்க முடியாது. அது 500 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஹூப்ளியில் இறங்கலாம். ஆக, ஒருவருக்கு டிக்கெட் ஊர் சுற்றிப் பார்க்க நாட்களைத் தருகிறது. இன்னொருவருக்கு மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது.

ரயில் தன் கடிகாரத்தை மக்கள் மீது சுமத்துவது புதிதில்லை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேக்குப் போன முதல் பயணிகள் ரயில் இந்தத் தாதர் வழியாகத்தான் போனது. அப்போது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம். பின்னர் 1870இல் மதராஸ் நேரத்தையே ரயில் நேரமாக வைத்துக்கொண்டார்கள். அது பம்பாய் நேரத்தைவிட ஏறக்குறைய அரை மணி முந்தியது. ஊர்க் கடிகாரத்தை நம்பி வந்தவருக்கு ரயில் போயிருக்கும். 1906இல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று எல்லோர் கையிலும் ஒரே நேரம்தான். ஆனால் டிக்கெட்டின் நேரம் மட்டும் இன்னும் தனியாக ஓடுகிறது.

அந்த அம்மாள் பழைய டிக்கெட்டோடு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரிசோதகர் கண்ணில் அது டிக்கெட் இல்லாத பயணம். கட்டணத்தோடு, அதற்கு இணையான தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது அபராதம். கடுமையாகப் பேசப்படும் நான்கு வார்த்தைகள் வேறு. மகளைப் பார்க்கக் கையில் வைத்திருந்த பணத்தில் அது பெரிய ஓட்டை.

என் செல்பேசியில் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். காகிதமில்லாத டிக்கெட் எடுத்தவர் செல்பேசியிலேயே இருக்க வேண்டும். அவரோ தனியாகப் போகிறார். ஆகவே வரிசையில் நின்றோம். முப்பது நிமிடம். முன்னால் இருந்த இளைஞரிடம் அவசரம் என்று சொன்னபோது, மறுபேச்சில்லாமல் அவருக்கு இடம் விட்டார். அதில் ஐந்து நிமிடம் மிச்சம்.

நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. டிக்கெட்டில் வாங்கிய நேரம் இருக்கிறது. கெடு எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் வேலை பயணியிடம் விடப்பட்டிருக்கிறது. கணக்கை அச்சிடும் இயந்திரமே போட்டு, "16:40 வரை" என்று பெரிய எண்களில் அடித்துக் கொடுத்தால் என்ன? இந்த நகரத்துக்கு வேலை தேடி வருகிறவர்கள் பேசும் மொழிகள் எத்தனையோ. எல்லாவற்றிலும் விதியை அச்சிட முடியாது. எண் எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ரூபாய் நோட்டிலும் பேருந்திலும் எண்ணைப் பார்த்துத்தானே வாழ்கிறார். அங்கே மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட மாட்டான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

புது டிக்கெட் வந்தது. 18:10. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"இது எத்தன மணி வரைக்கும் உசுரோட இருக்கும் தம்பி?"

"ஒன்பது பத்து வரைக்கும்மா."

"அதுக்குள்ள வண்டி வந்துருமா?"

"வந்துரும்."

வந்தது. பொதுப் பெட்டியில் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். அம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு டிக்கெட்டுகளையும் சேர்த்து மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பரிசோதகர் கேட்கும்போது மாற்றிக் காட்டிவிடப் போகிறீர்கள் என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. பையன்கிட்ட காட்டணும். மத்தியானமே வாங்கச் சொன்னவன் அவந்தானே" என்றார். ரயில் நகர்ந்தது.