அண்ணன் வந்துட்டார்: ‘பிராத் 2’ பற்றியும் எங்கட வீட்டைப் பற்றியும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு படங்களின் முழுக்கதையும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம். ஆனால் நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். நான் இரண்டாம் பாகத்தைத்தான் முதல் பார்த்தேன்.

கல்லடியில் ஒரு நண்பனின் வீட்டு மேல்மாடி. அவனுடைய பென்டிரைவில் ‘பிராத் 2’ மட்டும்தான் இருந்தது. “முதலாம் பாகம் பார்க்காட்டியும் விளங்கும் மச்சான்” என்றான். உண்மையில் விளங்கியது. ‘பிராத்’ என்றால் ரஷ்ய மொழியில் சகோதரன். அலெக்சி பலபானோவ் இயக்கி 2000இல் வந்த படம். போரிலிருந்து திரும்பிய டனிலா பக்ரோவ் என்ற இளைஞன்தான் நாயகன், செர்கெய் பொத்ரோவ் நடித்தது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பிடித்தது அவனை இல்லை. அவனுடைய அண்ணன் விக்டரைத்தான். மொட்டைத் தலையும் பெரிய சிரிப்புமாக, போகும் இடமெல்லாம் கலாட்டா பண்ணுகிற ஆள். விக்டர் சுகோருகோவ் நடித்தது. மொஸ்கோ வீதியில் காரிலிருந்து அருங்காட்சியகத்துப் பழைய மக்சிம் இயந்திரத் துப்பாக்கியை இயக்குகிற காட்சியில் நாங்கள் கத்திய கத்தலுக்குக் கீழேயிருந்து நண்பனின் அம்மா மேலே வந்துவிட்டார். இப்படி ஒரு அண்ணன் வேணும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, 1997இல் வந்த முதலாம் பாகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறப் படம், சிரிப்பே இல்லை. ஒவ்வொரு காட்சியும் இருட்டில் போய் முடிகிறது. இராணுவத்திலிருந்து வந்த தம்பியைத் தாய், அண்ணனிடம் போ என்று பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்புகிறாள். அண்ணன் அங்கே கூலிக்கொலைகாரன். தனக்கு வந்த வேலையைத் தம்பியின் தலையில் கட்டுகிறான். கடைசியில் வீட்டுக்குள் ஆட்கள் வந்து நின்றதும் தம்பியையே காட்டிக்கொடுக்கிறான்.

நான் ரசித்துச் சிரித்த அதே விக்டர்!

லப்டொப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏனென்றால் இந்த வரிசை எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டிலும் நான் இரண்டாம் பாகத்தில்தான் பிறந்தேன்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் படத்தின் கட்டமைப்பு.

ஒரு படம் ஓடினால் அடுத்த பாகத்தில் என்ன செய்வார்கள்? ஊரைப் பெரிதாக்குவார்கள், வில்லனை வெளிநாட்டில் வைப்பார்கள். ‘சிங்கம் 2’இல் துரைசிங்கம் தென்னாபிரிக்கா போகிற மாதிரி. ‘பிராத் 2’வும் அதைத்தான் செய்கிறது. டனிலாவுக்கு இரண்டு போர்க்காலத் தோழர்கள். அதில் ஒருவன் கோஸ்தியா, வங்கிக் காவலாளி. அவனுடைய இரட்டைச் சகோதரன் மீத்யா அமெரிக்காவில் ஹொக்கி ஆடுகிறான். மென்னிஸ் என்ற சிகாகோ வியாபாரி மீத்யாவை ஒப்பந்தத்தில் மாட்டிக் காசைச் சுரண்டுகிறான். கோஸ்தியா தன் முதலாளி பெல்கினிடம் இதைப் பேசப்போய்ச் செத்துப்போகிறான். டனிலா சிகாகோவுக்குக் கிளம்புகிறான்.

கதை இவ்வளவுதான். ஆனால் அதை அடுக்கிய விதத்தைப் பார்க்கும்போது எனக்கு எங்கட வட்டக்களரி ஞாபகம் வந்தது. கூத்தில் கட்டியகாரன் வந்து சொல்லுவான், பிறகு ஒவ்வொருவராக வரவு. ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளம், அவரவர் ஆட்டம். அண்ணாவியாரின் மத்தளம் மாறினாலே வருவது அரசனா சேவகனா என்று சனத்துக்குத் தெரியும். ‘பிராத் 2’வில் ஆரம்பத்தில் வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் கட்டியகாரன். மூன்று தோழர்களையும் அதுதான் நமக்கு அறிமுகம் செய்கிறது. பிறகு பொப் பாடகி, முதலாளி, அண்ணன், லொறிக்காரன், சிகாகோ தெருவில் நிற்கும் ரஷ்யப் பெண் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள், பாட்டோடு வருகிறார்கள். முதலாம் பாகம் ஒற்றையடிப் பாதை. இரண்டாம் பாகம் களரி.

இரண்டாவது விசயம், எதிரொலி. முதல் படத்தில் தாய் தம்பியை அண்ணனிடம் அனுப்புகிறாள். இரண்டாவதில் டனிலாவைத் தொலைக்காட்சியில் கண்ட அதே தாய், அண்ணனைத் தம்பியிடம் அனுப்புகிறாள். முதல் படத்தின் முடிவில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம்பி லொறியில் மொஸ்கோவுக்குப் போகிறான். இரண்டாவதில் தம்பி விமானத்தில் வீடு திரும்புகிறான், அண்ணன் பொலிசிடம் மாட்டியபடியே நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று கத்துகிறான். நடுவில் இருவரும் அமெரிக்காவுக்கு வெவ்வேறு வழியால் போகிறார்கள். தம்பி நியூயோர்க்கில் இறங்கி ஓட்டைக் கார் வாங்கி ஏமாந்து லொறியில் வருகிறான். அண்ணன் நேரே சிகாகோவில் இறங்குகிறான்.

இவ்வளவு கணக்காக அடுக்கிய மனிதர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அண்ணனும் தம்பியும் திரும்பச் சந்திக்கும்போது அந்தக் காட்டிக்கொடுப்புக்குக் கணக்குத் தீர்க்கிற காட்சியே இல்லை. கட்டிப்பிடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், அடுத்த வேலைக்குப் போகிறார்கள். எங்கட கர்ணன் கதையில் குந்தி வந்து உண்மையைச் சொல்ல வேண்டும், பாண்டவர்கள் பிறகு அழ வேண்டும். இங்கே யாரும் அழவில்லை. “இது திரைக்கதை ஓட்டை” என்று நண்பனோடு சண்டை பிடித்தேன்.

இனி எங்கட வீடு.

அம்மாவின் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எழுவான்கரைக்கு வர அங்கே படகுப்பாதைதான். அம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். பெரிய மாமா வாவியில் மீன் பிடிக்கிறார். சின்ன மாமா சுவிஸில். சின்ன மாமா போனில் வந்தால் வீடே சிரிக்கும். பெரிய மாமா அந்த நேரம் பார்த்து வலை எடுக்கப் போய்விடுவார். சின்ன வயதில் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. பெரிய மாமா வேலைக்காரர், அவ்வளவுதான்.

2004 மார்ச்சில் கிழக்கில் இயக்கம் பிரிந்தது. ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் அதே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. பத்தொன்பது வயதில்தான் அம்மா சொன்னார்: பிரிவுக்குப் பிறகு ஒரு இரவு சின்ன மாமாவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வீட்டில் இருந்தது பெரிய மாமா. தம்பி எங்கே என்று கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். அல்லது, சொல்லிவிட்டார் என்று ஊர் சொன்னது. அதற்குள் சின்ன மாமா தோணியில் அக்கரைக்குப் போய்விட்டிருந்தார். உயிர் தப்பியது தோணியால்தான்.

“அவர் பயத்தில சொன்னாரா, தம்பி போயிட்டான் எண்டு தெரிஞ்சு சொன்னாரா?” என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்?” என்றார் அம்மா. “மறுகா ஒருத்தரும் கேக்கல்ல.”

2023இல் அம்மம்மா மோசம் போனார். முப்பத்தோராம் நாளுக்குச் சின்ன மாமா வந்தார், பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. வாசலில் கார் நின்றதும் எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடித்தது. பெரிய மாமா திண்ணையில் இருந்து எழும்பி, “வா தம்பி. கொடுவா வாங்கி வெச்சிருக்கன்” என்றார். சின்ன மாமா, “குழம்பா பொரியலா அண்ணன்?” என்றார். அவ்வளவுதான். பலபானோவ் எழுதின மாதிரி. மூன்று கிழமையும் அப்படியே போனது. வலை பொத்தினார்கள், கோயிலுக்குப் போனார்கள், ஒரே பாயில் படுத்தார்கள்.

கடைசி நாள் சின்ன மாமாவை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது பாலத்தில் நிறுத்தச் சொன்னார். தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டேவிட்டேன். “பெரிய மாமாட்ட நீங்க அதக் கேக்கவே இல்லையா?”

“கேட்டா அவர் சொல்லணும் மனே” என்றார். “சொன்னா நான் கேட்டுட்டு சும்மா போக ஏலா.”

அன்று இரவு நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். அது திரைக்கதை ஓட்டை இல்லை என்று.

ஆனால் கட்டுரையை இதோடு முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். மூன்றாம் முறை பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அண்ணனிடம் கேட்காத கேள்வி படத்தில் காணாமல் போகவில்லை. அது வெளியே போகிறது. வீட்டுக்குள் காட்டாத கோபம் முழுவதையும் படம் அமெரிக்கர்கள் மேல், சிகாகோவின் கறுப்பர்கள் மேல், உக்ரேனியர்கள் மேல் கொட்டுகிறது. கறுப்பின மக்களைக் காட்டும் விதம் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. காட்டிக்கொடுத்த அண்ணன் நம்ம ஆள் ஆகிவிடுகிறான், ஏனென்றால் இப்போது எதிரி வேறு யாரோ. கடைசியில் டனிலா மென்னிஸின் முன் இருந்து, பலம் காசில் இல்லை, உண்மையில் இருக்கிறது என்கிறான். அந்த வசனம் 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது போர்ச் சுலோகமாகப் பதாகைகளில் ஏறியது. பொத்ரோவ் 2002இல் கர்மதோன் பள்ளத்தாக்கில் பனிப்பாறைச் சரிவில் போனவர், பலபானோவ் 2013இல் இறந்தவர். அவர்களிடம் யாரும் கேட்க முடியாது.

‘தீபன்’ (2015) பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் வரலாம். அதிலும் போரிலிருந்து போனவன், பாரிஸ் புறநகரில் கடைசியில் திரும்பவும் ஆயுதம் எடுக்கிறான். போரை முடிக்காதவன் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறான்.

எங்கட ஊரிலும் இது நடக்கிறது. ஒற்றுமையாக இருப்போம் என்று மேடையில் பேசும்போது 2004ஐப் பற்றி ஒரு சொல் வராது. ஆனால் அடுத்த ஊர் முஸ்லிம்களைப் பற்றிக் கட்டாயம் வரும். உள்ளே கேட்காத கேள்விக்கு வெளியே ஒரு ஆள் தேவைப்படுகிறது. உண்மை எங்கள் பக்கம் என்று இங்கே எல்லோரும்தான் சொன்னார்கள், அந்த இரவு வந்தவர்களும் சேர்த்து.

மாமாக்கள் கேட்காமல் இருக்கட்டும். அது அவர்களுடைய உரிமை, அவர்கள் அதற்கு விலை கொடுத்தவர்கள். அவர்களுடைய மௌனம் வேறு யார் மேலும் விழவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தில் பிறந்த நாங்கள் முதலாம் பாகத்தைத் தேடிப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யார் மேல் கோபப்படுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

போன கிழமை ஊருக்குப் போனேன். சின்ன மாமா போன் எடுத்தார். பெரிய மாமா வலையை எடுத்துக்கொண்டு எழும்பினார். படலை வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “அங்க இப்ப எத்தின மணியாம்?”

நான் போனை அவரிடம் நீட்டினேன்.