பட்டா யார் பேரில்?



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஒவ்வொரு லீவிலும் அப்பா எனக்கு ஒரு 'வைவா' வைத்துவிடுவார். போன முறை இணைய முகவரியின் கடைசியில் வரும் 'டாட் இன்' பற்றிப் பேச்சு வந்தது. "அது நம்ம நாட்டுக்கு உள்ள எழுத்துப்பா" என்றேன். "சரி, பட்டா யாரு பேருல?" என்றார். நாங்கள் குடியிருப்பது புறம்போக்கு. பட்டாவின் அருமை அவருக்குத் தெரியும்.

பதிலைத் தேடிப் படித்தேன். நாடுகளுக்கான இரண்டெழுத்துகள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் பட்டியலில் இருந்து எடுத்தவை. எது நாடு, எது நாடல்ல என்ற வம்பு நமக்கெதற்கு என்று அன்றைய பொறுப்பாளர் ஜான் போஸ்டல் அந்தப் பட்டியலையே பின்பற்றினார். 1994-இல் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591 முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. எழுத்தை நிர்வகிப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல. அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் அவர் அறங்காவலர்.

எந்த எழுத்துக்கு யார் நிர்வாகி, அவருடைய நேம் சர்வர்கள் எவை என்ற விவரம் 'ஐயானா' பதிவேட்டில் இருக்கும். அதற்குக் கீழே பெயர் பதிவதெல்லாம் நிர்வாகியின் வேலை. 'டாட் இன்' 1989-இல் வழங்கப்பட்டது. 2005 முதல் 'நிக்ஸி' அமைப்பு அதைக் கவனிக்கிறது.

இதைச் சொன்னதும் அப்பா, "கோயில் தர்மகர்த்தா மாதிரின்னு சொல்லு. ஊரு கேட்டா கணக்கு காட்டணும்" என்றார். ஆர்.எஃப்.சி.யை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

பசிபிக் கடலில் துவாலு என்றொரு நாடு. மக்கள் சுமார் 11,000 பேர்தான். பட்டியலில் அதற்கு விழுந்த எழுத்து 'டிவி'! டெலிவிஷன் கம்பெனிகள் விடுமா? அதைக் குத்தகைக்கு விட்டு வந்த பணத்தின் உதவியோடுதான் துவாலு 2000-இல் ஐ.நா. உறுப்பினர் ஆனது. ஆனால் அங்கே மிக உயரமான இடமே 5 மீட்டரைத் தாண்டாது. கடல் ஏறிக்கொண்டே வருகிறது. நிலம் போனால் எழுத்து என்னாகும்? யூகோஸ்லாவியா என்ற நாடு கலைந்த பின் அதன் 'டாட் ஒய்யு' 2010-இல் நீக்கப்பட்டது. எழுத்து நிற்பது பொதுவாக நாடு இருக்கும் வரைதான்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் இப்படிப்பட்ட சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகலாம். பாஸ்வேர்ட் நம் கையில் இருக்கும். பட்டா நம் பேரில் இருக்காது. அந்த நினைப்பு இருந்தால் போதும், வேலை சுத்தமாக நடக்கும்.