எலும்புக்கும் உண்டு பிட்ச்!

எம்-6 போல்ட்டின் பிட்ச் என்னவென்று வைவாவில் கேட்டால், "ஒரு மில்லிமீட்டர் சார்" என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. அவ்வளவுதானே? இந்தக் கணக்கை வைத்துத்தான் என் அண்ணனின் கால் எலும்பை நாலு சென்டிமீட்டர் வளர்த்தார்கள்!

அண்ணன் லேத் ஆபரேட்டர். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் புத்தூர் கட்டு என்றார்கள். தோல் மூடியிருக்கிற, விலகாத முறிவென்றால் மாவுக்கட்டிலேயே ஆறிவிடும், ஆபரேஷன் வேண்டியதில்லை. இது திறந்த காயம். எனவே பிளேட் வைத்தார்கள். சீழ் பிடித்தது. பிளேட்டை எடுத்தும் நிற்கவில்லை. ஒரு டாக்டர், "காலை எடுத்துடறது நல்லது" என்றே சொல்லிவிட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

இன்னொரு டாக்டர்தான் 'ரிங்' போடலாம் என்றார். கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்தார். கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. பிறகு மேலே, நல்ல எலும்பில் ஒரு வெட்டு. வெட்டிய இடத்தை ஒரு வாரம் சும்மா விட்டு, அப்புறம் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். இடைவெளியில் புது எலும்பு ஊறும்.

இந்த முறையைத் தந்தவர் சோவியத் டாக்டர் கவ்ரீல் இலிசாரோவ் (1921–1992). சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் இருந்துகொண்டு, 1950களின் தொடக்கத்தில் இந்தக் கருவியை உருவாக்கினார். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். எலும்பைக் குறுக்கே துளைத்துப் போகும் மெல்லிய கம்பிகள். 1.8 மி.மீ. கம்பி ஒரு ஆளைத் தாங்குமா? சைக்கிள் ஸ்போக்கை நினைத்துப் பாருங்கள். நூறு கிலோவுக்கு மேல் இழுத்து முறுக்கிக் கட்டினால் தாங்கும். நோயாளி ஒருவர் நட்டை எதிர்ப்பக்கம் திருப்பிவிட, அந்த இடைவெளியில் எலும்பு வளர்ந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இது புரிந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற புரூமெல், 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை உடைத்துக்கொண்டு, ஆபரேஷன் மேல் ஆபரேஷனாகியும் சரியாகாமல் 1968-இல் இவரிடம் வந்தார். பிறகு மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்!

ஏன் ஒரு நாளைக்கு 1 மி.மீ.? நாய்களை வைத்து இலிசாரோவ் சோதித்துப் பார்த்திருக்கிறார். அரை மில்லிமீட்டர் என்றால் இழுப்பதற்குள் எலும்பு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு என்றால் எலும்பு சரியாக உருவாவதில்லை. நரம்பும் தசையும் தாங்குவதில்லை. அந்த ஒன்றையும் நாலாகப் பிரித்தால் இன்னும் நல்லது. டாலரன்ஸ் என்று நாம் படிக்கிறோமே, அது இங்கேயும் இருக்கிறது!

எங்கள் வீட்டில் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. நாலு ராடு, ஒவ்வொன்றிலும் கால் சுற்று. நாற்பது நாள். கையில் நம்ம 10-11 ஸ்பேனர்தான்! மதியம் நான் காலேஜில் இருப்பேன் என்பதால் அம்மா கற்றுக்கொண்டாள். "ஏண்டா, நட்டைத் திருகினா எலும்பு வளருமா?" என்று கேட்டவள், மூன்றாம் வாரம் எக்ஸ்ரேயில் வெட்டுக்கு நடுவே புகை மாதிரி ஒன்று தெரிந்ததும், என்னைவிடச் சுத்தமாகத் திருப்ப ஆரம்பித்தாள். நட்டில் வைத்த நெயில் பாலிஷ் புள்ளி ஒரு நூல்கூடத் தப்பாது.

வலி? இருந்தது. ராத்திரியில், "மெதுவாடா..." என்பான். கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் துடைக்க வேண்டும். இரண்டு தடவை சீழ் வைத்து மாத்திரை சாப்பிட்டான். நாற்பது நாளோடு முடியவும் இல்லை. புது எலும்பு கெட்டியாக எட்டு மாதம் ரிங்கோடு இருந்தான். ஆனால் படுத்துக் கிடக்க விடமாட்டார்கள். வளையத்தோடு கைத்தடி ஊன்றி நடக்கச் சொல்வார்கள். பாரம் ஏறினால்தான் எலும்பு பலமாகும். தெருப்பிள்ளைகள் 'ரோபோ அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ரிங்கைக் கழற்றியாகிவிட்டது. அரை சென்டிமீட்டர் குறைதான். செருப்புக்குள் ஒரு ஷீட் வைத்துச் சமாளிக்கிறான். கணுக்கால் முழுசாக மடங்கவில்லை, குத்துக்காலிட்டு உட்காரச் சிரமப்படுகிறான். பிசியோதெரபி நடக்கிறது. லேத்தில் நின்று நாலு மாதம் ஆகிறது.